அனுமதி தந்தால் மட்டும் போதுமா?

மகாவலி கங்கை வளைந்தோட, ஹந்தானை மலை காவல் நிற்க, பேராதனையிலே வீற்றிருக்கும் பல்கலைக்கழகத்தின் எழிலைப் பாராட்டாதார் இலர். 1942ஆம் ஆண்டு கொழும்பிலே தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் இம்மலைச் சாரலுக்குக் குடிபெயர்ந்தது. இன்று ஒன்பது பீடங்களோடு கண்டிச் சீமைக்கே அணிகலனாக அது விளங்குகின்றது. அக்கலைக்கோயிலின் படிக்கட்டுகளைப் பற்றியே இன்று எழுத முற்பட்டோம்.

ஆம், படிக்கட்டுகளைப் பற்றித்தான்! கால் வலுவுள்ளவனுக்கு அவை வெறும் கற்கள். சக்கர நாற்காலியில் வரும் மாணவிக்கு அவை கோட்டை மதில்கள். கண்ணொளி இழந்த மாணவனுக்கோ அச்சிட்ட தாளே மதிலாகின்றது. செவிப்புலன் குன்றியவனுக்கு, கரும்பலகையை நோக்கித் திரும்பி நின்று பேசும் விரிவுரையாளரின் முதுகே மதிலாகின்றது. இம்மதில்களைத் தாண்ட வழி செய்யாமல், "உள்ளே வா" என்று அழைப்பது மட்டும் கல்வியளிப்பதாகுமா?

சட்டம் கூறுவது என்ன?

2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உடையோருள் நூற்றுக்கு 8.7 பேர், அதாவது ஏறக்குறைய 16 இலட்சம் மக்கள், ஏதோவோர் இயலாமையுடன் வாழ்கின்றனர். இவர்களது உரிமைகளைக் காக்கவென 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. இயலாமையைக் காரணங்காட்டி எந்தக் கல்வி நிலையத்திலும் அனுமதி மறுத்தலாகாது என்பது அதன் விதி. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் பார்வையற்றோருக்கும் ஏனைய மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறப்பு அனுமதிக்கு இடம் வைத்திருக்கின்றது. நன்று, வரவேற்கின்றோம்.

ஆனால், அனுமதி பெற்ற மறுநாள் என்ன நடக்கவேண்டும்? அதற்கு விடை பகர்வது ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயம். அதன் 24ஆம் உறுப்புரை, பல்கலைக்கழகக் கல்வியிலும் அவரவர் தேவைக்கேற்ற தக்க வசதிகளைச் செய்து கொடுக்கவேண்டுமென விதிக்கின்றது. அவ்வசதியை மறுப்பதே பாகுபாடு எனவும் அச்சமவாயம் வரையறுக்கின்றது. 2007இல் இலங்கை அதில் ஒப்பமிட்டது. 2016இல் அதனை ஏற்று உறுதி செய்தது. பொதுக் கட்டடங்களை யாவரும் அணுகத்தக்கவாறு அமைப்பதற்கு 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன. 2011இல் உயர் நீதிமன்றமும் அதனை வலியுறுத்திக் கட்டளையிட்டது. ஆக, வாக்குக் கொடுத்தாயிற்று. உலகறியக் கொடுத்த வாக்கு அது.

இரக்கத்தை நம்பியா படிப்பது?

கலஹாத் தோட்டத்து லயத்திலே பிறந்த பார்வையற்ற மாணவன் ஒருவன் கலைப்பீடத்துக்குத் தேர்வாகி வருவதாக வைத்துக்கொள்வோம். பாடநூலை வாசித்துச் சொல்ல ஒரு நண்பன் வேண்டும். நண்பனுக்கும் பரீட்சை உண்டு. அவன் ஓய்ந்திருக்கும் வேளையில்தான் இவனுக்குப் பாடம். அவன் காய்ச்சலில் விழுந்தால் இவனது படிப்பும் படுத்துவிடும். பரீட்சையில் எழுதுநர் வேண்டுமென்றால் யாரைக் கேட்பது, எத்தனை நாள் முன்பு கேட்பது, மறுத்தால் எவரிடம் முறையிடுவது? எழுத்திலே விதி இல்லாவிடில், ஒரு பீடத்தில் கிடைப்பது மறு பீடத்தில் கிடையாது. ஒரு விரிவுரையாளர் இசைவதை மற்றவர் மறுப்பார். நல்லுள்ளம் படைத்த ஆசிரியரும் நூலகரும் இல்லாமலில்லை. எனினும், பட்டம் பெறுவது அவர்களது நல்லுள்ளத்தைப் பொறுத்த காரியமாக இருக்கலாமா? இரக்கம் இன்று சுரக்கும், நாளை வற்றும். விதியோ எல்லோருக்கும், எந்நாளும் விதியே.

தமிழ் மாணவனுக்கு இச்சுமை இரட்டிப்பாகின்றது. அவனுக்கு வாய்க்கும் எழுதுநர் தமிழ் அறிந்தவராயும், பாடத்தின் கலைச்சொற்களைப் பிழையின்றி எழுத வல்லவராயும் இருத்தல் வேண்டும். சைகைமொழி பெயர்ப்பவரும் அவன் பயின்ற சைகையை அறிந்திருத்தல் வேண்டும். இன்று கணினியே நூலை உரக்க வாசிக்கின்றது. பார்வையற்ற இரு ஆஸ்திரேலியர் 2006இல் உருவாக்கத் தொடங்கிய 'என்விடிஏ' என்னும் திரைவாசிப்பான் விலையின்றியே கிடைக்கின்றது, தமிழையும் வாசிக்கின்றது. ஆனால், விரிவுரைக் குறிப்புகள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சாகியிருந்தால், கணினிக்கு அவை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே. ஒளிப்படமாக எடுத்தனுப்பும் பக்கமோ அதற்கு வெற்றுத்தாள். அதே குறிப்பை ஒருங்குறியில் தட்டச்சு செய்தால் ஊமை பேசும். இதற்குத் திறைசேரியின் பணம் வேண்டாம், மனம் வேண்டும்.

தரம் தாழுமாம்!

"பரீட்சையிலே கூடுதல் நேரம் கொடுத்தால் பட்டத்தின் தரம் தாழாதா?" என்று வினவுவோர் உளர். அவர்களுக்கு நம் உழவர் பெருமக்களே விடையளிப்பர். பள்ளக் காணிக்கு வாய்க்கால் நீர் தானே பாயும். மேட்டுக் காணிக்கு இறைத்துப் பாய்ச்சவேண்டும். இறைத்து விளைந்த நெல்லைச் சலுகை நெல்லென்று சந்தையில் எவரேனும் விலை குறைப்பாருண்டோ? மூக்குக் கண்ணாடி அணிந்து விடைத்தாள் திருத்தும் பேராசிரியர், தாம் சலுகை பெற்றுத் திருத்துவதாகக் கருதுகின்றாரா?

தமிழுக்கு இது புதிய செய்தியுமன்று. அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிறவியிலேயே பார்வையற்றவர். முதுகிலே எழுத்துகளை எழுதச் செய்து அவர் கல்வி கற்றார் என்பதும், யாழ்ப்பாணத்துப் பரராசசேகர மன்னனின் அவையிலே பாடிப் பரிசில் பெற்றார் என்பதும் வழிவழி வரும் செய்திகள். அவருக்காக அரிச்சுவடியில் ஓர் எழுத்தையும் குறைக்கவில்லை. எழுதும் இடத்தைத்தான் மாற்றினார்கள். நாம் கேட்பதும் அம்மாற்றத்தையே.

அண்டை நாட்டைப் பாருங்கள். எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் கோளாறுடைய ஒருவருக்குக் குடிமைப்பணித் தேர்வில் எழுதுநர் மறுக்கப்பட்டபோது, அம்மறுப்பு தவறென 2021இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஈடுநேரம் அளிக்கவேண்டுமென்பது அங்கே எழுத்திலுள்ள வழிகாட்டுநெறி. இதனால் இந்தியாவின் பட்டங்கள் மதிப்பிழந்து போயினவா?

செய்யவேண்டுவன

பேராதனையையும், அதன் வழியாக நாட்டின் ஏனைய பல்கலைக்கழகங்களையும் நாம் கேட்பன ஐந்து:

ஒன்று: ஈடுநேரம், எழுதுநர், பெரிய எழுத்து வினாத்தாள், பிரெயில், கணினி ஆகியன பற்றிய விதிகள் எல்லாப் பீடங்களுக்கும் பொதுவாக எழுதப்பட்டு, மும்மொழியிலும் அனுமதிக் கடிதத்தோடு அனுப்பப்படவேண்டும்.

இரண்டு: மாணவன் பரீட்சை எழுதும் மொழியை நன்கறிந்தவரே எழுதுநராக வேண்டும்.

மூன்று: விரிவுரைக் குறிப்புகள் ஒருங்குறியில், வகுப்புக்கு முன்பே கிடைக்கவேண்டும்.

நான்கு: படியேற இயலாத மாணவர் பயிலும் பாடங்கள் தரைத்தளத்தில் நடைபெறவேண்டும்; சாய்தளங்கள் ஆண்டுதோறும் திட்டமிட்டுக் கட்டப்படவேண்டும்.

ஐந்து: முறைப்பாட்டைக் கேட்டுக் குறித்த நாளுக்குள் முடிவு சொல்லும் பொறுப்பதிகாரி ஒருவர் இருத்தல் வேண்டும்.

நம்மவர்க்கும் கடமையுண்டு. மருத்துவர்கள் சான்றிதழில் நோயின் பெயரோடு நில்லாமல், மாணவனுக்குத் தேவையான வசதியையும் குறித்துக் கொடுக்கட்டும். சட்டத்தரணிகள் இவ்வுரிமையைக் கேட்போருக்குத் துணை நிற்கட்டும். ஆசிரியர்கள் கிழமைக்கு ஒரு மணி நேரமேனும் ஒரு நூலை வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுக்கட்டும். வயலிலும் தோட்டத்திலும் உழைக்கும் பெற்றோரே, உங்கள் பிள்ளையை வீட்டுக்குள் ஒளித்து வைக்காதீர்கள்! போரிலே கண்ணையும் கையையும் காலையும் பறிகொடுத்த நம் பிள்ளைகள் எத்தனை பேர்! கல்வியையும் அவர்கள் பறிகொடுக்க நாம் பார்த்திருப்பதா?

பேராதனையிலே மகாவலியின் குறுக்கே அக்பர் பாலம் நிற்கின்றது. பொறியியற் பீடத்தின் ஆசிரியரும் மாணவரும் முன்னின்று கட்டிய பாலம் அது. ஆறு குறுக்கிட்டதென்று அவர்கள் கரையிலே அமர்ந்து வருந்தவில்லை. அகன்ற ஆற்றுக்கே பாலம் அமைத்த கழகத்துக்கு, பத்துப் படிகளும் ஒரு பரீட்சைத் தாளும் கடக்கவொண்ணாத தடைகளா? வாசலைத் திறந்துவிட்டார்கள். அடுத்த மாணவர் அணி வந்து சேருமுன், உள்ளே செல்லும் வழியையும் அமைப்பார்களாக!