குட்டி யானையைப் பழைய இரும்புக்குப் போட வேண்டுமா?

கடைக்கென்று சொந்தமாக ஒரு சிறு சரக்கு வண்டி வைத்திருக்கும் வணிகர்கள் நம்மிடையே ஏராளம். பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் சுமந்த வண்டி, ஒரு நாள் தகுதிச் சான்று கிடைக்காமல் வீட்டுக் கொல்லையில் ஓரங்கட்டப்படுகிறது. பிறகு சக்கரத்தில் காற்று இறங்குகிறது. தளத்தில் துரு ஏறுகிறது. இதை விற்றுவிடுவதா, பழைய இரும்புக்குப் போடுவதா, பிரித்துச் சரி செய்து மீண்டும் ஓட்டுவதா என்ற கேள்விக்கு விடை காணாமல் ஆண்டுகள் கழிகின்றன. சேசிஸும் காகிதங்களும் நன்றாக இருக்குமானால் அந்த வண்டியை வீட்டிலேயே நிறுத்தி, படிப்படியாகச் சரி செய்து ஓட்டுவதுதான் சிறு வணிகருக்கு லாபம் என்பது நமது கருத்து. இவ்விரண்டில் ஒன்று கெட்டிருந்தாலும் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது என்பதும் நமது கருத்தே.

எல்லோருக்கும் தெரிந்த வண்டியையே எடுத்துக்கொள்வோம். 2005 மே மாதம் டாட்டா ஏஸ் சந்தைக்கு வந்தது. நம் மக்கள் அதற்கு வைத்த பெயர் குட்டி யானை. 702 சி.சி. கொள்ளளவு, இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், 16 குதிரைத் திறன், முக்கால் டன் சுமை. இண்டிகா காரின் நான்கு சிலிண்டர் எஞ்சினைப் பாதியாக்கியது போன்ற அமைப்பு. அதுவரை சிறு மளிகைக் கடைக்காரருக்கு இருந்த வழி சரக்கு ஆட்டோ அல்லது வாடகை மெட்டடார்தான். நான்கு சக்கர வண்டி ஒன்று அவருடைய சக்திக்கு எட்டியது அப்போதுதான். அந்த முதல் பத்தாண்டில் வாங்கிய வண்டிகள்தாம் இன்று பெரும்பாலும் கொல்லையில் நிற்கின்றன.

சொந்த வண்டியால் என்ன பயன்?

சொந்த வண்டி உள்ள கடைக்காரர் மொத்த மண்டிக்குத் தாமே போகிறார். நான்கு கடையில் விலை கேட்டு, சரக்கைப் பிரித்துப் பார்த்து எடுத்து வருகிறார். வண்டி இல்லாதவரோ விநியோகஸ்தரின் வேன் என்றைக்கு வருகிறதோ அன்றைக்கு, அதில் என்ன இருக்கிறதோ அதை, சொல்கிற விலைக்கு இறக்கிக்கொள்கிறார். கல்யாண வீட்டுப் பட்டியலுக்குச் சரக்கைக் கொண்டுபோய் இறக்கித் தருவதும், பண்டிகைக்கு முதல் நாள் தீர்ந்துபோன சர்க்கரையை இரவோடு இரவாகக் கொண்டுவருவதும் சொந்த வண்டி இருந்தால்தான் முடியும். பெரிய நிறுவனங்கள் வீட்டு வாசலிலேயே பலசரக்கைக் கொடுக்கிற இந்தக் காலத்தில், வண்டியை இழந்த கடை தன் பேரம் பேசும் பலத்தையும் சேர்த்தே இழக்கிறது.

புதிது வாங்கினால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது உண்மை. புதிய வண்டிகள் புகை குறைவாக விடுவதும் உண்மை. ஆனால் தவணைக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 4 லட்சம் ரூபாயை 11 சதவீத வட்டியில் 5 ஆண்டுக் கடனாக வாங்கினால், மாதத் தவணை சுமார் 8,700 ரூபாய். ஐந்தாண்டில் கட்டும் மொத்தத் தொகை சுமார் 5,22,000. வட்டி மட்டும் 1,22,000. நூறு ரூபாய் விற்றால் ஐந்து ரூபாய் மிஞ்சுகிற கடை, இந்தத் தவணைக்காக மட்டும் மாதந்தோறும் 1,74,000 ரூபாய்க்குக் கூடுதலாக விற்றாக வேண்டும். அந்த விற்பனை கைவசம் இருக்கிறவர் புதிது வாங்கட்டும், நாம் தடுக்கவில்லை. இல்லாதவர் கொல்லைப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

வயதைக் கண்டு பயப்பட வேண்டாம்

"பதினைந்து வருஷம் ஆகிவிட்டது, இனிமேல் ஓட்டக் கூடாதாமே" என்று பலர் வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். இதில் மூன்று செய்திகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கான தடை டில்லித் தலைநகர் வட்டாரத்துக்கு உரியது. 2018ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 15 ஆண்டு கடந்தால் பதிவு புதுப்பிக்கப்படாது என்று 2023 ஏப்ரல் முதல் வந்த விதி, அரசுக்குச் சொந்தமான வண்டிகளுக்கு உரியது. 2021ல் தொடங்கிய வாகன உடைப்புக் கொள்கை, தனியாரைப் பொறுத்தவரை விருப்பத்தின் பேரிலானது.

நம்மைக் கட்டுப்படுத்துவது தகுதிச் சான்றுதான். எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் வண்டியைக் காட்டிச் சான்று பெற வேண்டும். 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த வண்டிகளுக்குக் கட்டணம் பல மடங்கு உயர்த்தப்பட்டது. செலவுக் கணக்கில் இதையும் பசுமை வரியையும் முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். சான்று இல்லாத சரக்கு வண்டியைச் சட்டம் பதிவே இல்லாத வண்டியாகக் கருதுகிறது. அந்த நிலையில் விபத்து நேர்ந்தால் காப்பீட்டுப் பணமும் சிக்கலாகும். கடையே கைமாறிப் போகலாம். ஆகவே, "பக்கத்துத் தெருவுக்குத்தானே" என்று சான்று இல்லாமல் ஓட்டுவதை நாம் எந்த நிலையிலும் ஆதரிக்கவில்லை.

முதலில் சுத்தியல், பிறகு பணம்

வண்டியைப் பிரிப்பதற்கு முன் ஒரு சிறு சுத்தியலும் ஒரு திருப்புளியும் எடுத்துக்கொண்டு அடியில் பார்க்க வேண்டும். சேசிஸ் கட்டைகளை நுனி முதல் நுனி வரை தட்டினால், நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். திருப்புளி முனை உள்ளே இறங்கினால் அங்கே இரும்பு இல்லை, துருதான் இருக்கிறது. ஸ்பிரிங் பட்டைகள் சேசிஸோடு சேரும் இடம், தளத்தின் குறுக்குச் சட்டங்கள், கேபின் தரை ஆகியவை முக்கியமான இடங்கள். பலசரக்கு வண்டிக்குத் தனியாக ஒரு சத்துரு உண்டு, அது உப்பு. கசிந்த உப்பு மூட்டையும் கருவாட்டுக் கூடையும் மழைநீரோடு சேர்ந்தால், மற்ற வண்டியில் பல ஆண்டு ஆகிற துரு நம் வண்டியில் விரைவிலேயே வந்துவிடும்.

தளத் தகடு ஓட்டையானால் மாற்றிக்கொள்ளலாம். அது டிங்கர் வேலை. சேசிஸே அரித்திருந்தால், அதன் மேல் ஒட்டு வைத்துச் சுமை ஏற்றுவது ஆளைக் கொல்லும் வேலை. அந்த வண்டியைப் பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்து, ஒப்படைப்புச் சான்றை வாங்கிக்கொள்வதே முறை. புதிய வண்டி வாங்கும்போது வரிச் சலுகைக்கு அச்சான்று உதவும். அப்படியின்றி, பதிவை ரத்து செய்யாமல் தெருவோரப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு வருகிறவர்கள், அந்தப் பதிவு எண்ணால் பின்னாளில் வரும் வம்புக்கெல்லாம் தாமே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

புகையும் ஒரு செய்தி சொல்லும். கரும்புகை என்றால் காற்று வடிகட்டி அடைப்போ, பம்ப் நாசில் கோளாறோ இருக்கும்; செலவு கட்டுக்குள் நிற்கும். நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. ரிங், போர் வேலை வரலாம். எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப்புகை விட்டு, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால், ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு மெக்கானிக்கிடம் பேசினால் பேச்சும் பில்லும் சுருங்கும்.

எதை வீட்டில் செய்வது, எதை வெளியில் கொடுப்பது?

தளத்தைப் பிரிப்பது, துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு பூசுவது, ஒயரிங் சரி பார்ப்பது, ஆயிலும் வடிகட்டிகளும் மாற்றுவது, சீட்டு, கதவு, கண்ணாடி வேலைகள் ஆகியவற்றை ஒரு நல்ல மெக்கானிக்கை நாள் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு வீட்டிலேயே செய்யலாம். எஞ்சின் இருக்கைக்கு அடியிலேயே இருப்பதால் கை எட்டும். பம்ப் நாசில் வேலை அதற்குரிய பட்டறைக்கும், போர் வேலை லேத்துக்கும் போக வேண்டும். உதிரி பாகங்களுக்குச் சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் புதுப்பேட்டையும் பெயர் பெற்றவை. கதவு, பம்பர் போன்றவற்றைப் பழையதாக வாங்கலாம். பிரேக் ரப்பர், ஹோஸ், ஸ்டியரிங் மூட்டு ஆகியவற்றைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

பலர் பட்டி பூசிப் பெயின்ட் அடிப்பதில் வேலையைத் தொடங்குகிறார்கள். துருவின் மேல் பூசிய பட்டி ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. பிரேக், ஸ்டியரிங், டயர், விளக்கு, எஞ்சின், தளம், கடைசியில் பெயின்ட் என்பதே சரியான வரிசை. தகுதிச் சோதனை படிப்படியாக இயந்திர நிலையங்களுக்கு மாறி வருகிறது. பெயின்டின் பளபளப்பைப் பார்த்து இயந்திரம் மதிப்பெண் போடாது. பிரேக் பிடிக்கிறதா, புகை அளவுக்குள் இருக்கிறதா என்றுதான் பார்க்கும்.

ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது. தடித்த மரக்கட்டையோ ஸ்டாண்டோ கொடுத்தாக வேண்டும். வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, டீசல் டேங்கையும் இறக்கிவிட வேண்டும். கடைப் பையன்களை இந்த வேலைக்கு ஏவுவது வேண்டாம்.

மற்றொன்று, கூடுதல் ஸ்பிரிங் பட்டை சொருகும் பழக்கம். முக்கால் டன் என்பது 50 கிலோ மூட்டை 15. பட்டை சேர்த்தால் 25 மூட்டை ஏற்றலாம் என்பார்கள். வண்டி தாழாமல் நிற்கும். ஆனால் பிரேக்கின் பலம் பழைய அளவிலேயே இருக்கும். 2019ல் திருத்திய சட்டப்படி அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000 ரூபாய். பத்து மூட்டைக்கு இன்னொரு நடை போவது எவ்வளவோ மலிவு. அதேபோல் எஞ்சின் மாற்றுவதோ, நீள அகலத்தை மாற்றுவதோ அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது. சேசிஸ் எண் பொறித்த இடத்தில் உப்புத்தாளோ வெல்டிங்கோ படவே கூடாது.

கணக்கும் காலமும்

செலவுக்கு எல்லா பில்லையும் கேட்டு வாங்குங்கள். வழக்கமான முறையில் ஜி.எஸ்.டி. கட்டுகிறவர்கள் தொழிலுக்கான சரக்கு வண்டியின் உதிரி பாகங்களுக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக வரவு எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு அது இல்லை. மொத்த மதிப்பீடு, அதே மாதிரி ஓடும் நிலையில் உள்ள பழைய வண்டியின் விலையில் பாதியைத் தாண்டினால், வேலையைத் தொடங்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். தொடங்குவதற்கு ஆடி மாதம் ஏற்றது. கல்யாணப் பட்டியல் குறைவு. பெரும்பாலான ஊர்களில் பெயின்ட் காய வெயிலும் இருக்கும். ஆயுத பூஜைக்குள் வண்டி ஓடினால் தீபாவளி வியாபாரத்துக்குக் கைகொடுக்கும்.

அரசிடமும் நாம் கேட்க வேண்டியது உண்டு. சொந்தக் கடைக்கு மட்டும் ஓடும் ஒற்றை வண்டியையும், நாளெல்லாம் வாடகைக்கு ஓடும் வண்டிகளையும் ஒரே தட்டில் வைத்துக் கட்டணம் விதிப்பது சரியல்ல. சோதனையில் தேறும் வண்டிக்கு வயதைக் காட்டித் தண்டம் போடுவதும் சரியல்ல. சோதனை கடுமையாக இருக்கட்டும். கட்டணம் மிதமாக இருக்கட்டும். சிறு ஊர் வணிகர் ஒரு நாள் கடையை மூடிவிட்டுப் போகாத தூரத்தில் சோதனை நிலையங்கள் அமையட்டும். ஊர்ச் சங்கங்களும் நம்பகமான மெக்கானிக்குகளின் பட்டியல் ஒன்று தயாரித்து, டயர், பேட்டரி போன்றவற்றைச் சேர்ந்து வாங்கினால் ஆளுக்கு நாலு காசு மிச்சமாகும்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். குட்டி யானைக்கு அது பொருந்தாது. ஓடினால்தான் அதற்கு மதிப்பு. நிற்கிற ஒவ்வொரு மழைக்காலமும் அதன் விலையைத் தின்றுகொண்டே இருக்கிறது. ஆகவே, கொல்லையில் வண்டி நிற்கும் அன்பர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமையே சுத்தியலை எடுத்துத் தட்டிப் பார்த்து, வைத்துக்கொள்வதா, ஒப்படைப்பதா என்று அன்றே முடிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம்.