கலையில் அரசியல் கலக்கலாமா?



சென்ற ஆண்டு விழாவில் நம்ம பசங்க போட்ட நாடகம் ஞாபகம் இருக்கிறதா? டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்திருப்பதைக் காட்டும் காட்சி ஒன்று முதலில் அதில் இருந்தது. ரிகர்சல் பார்க்க வந்த சீனியர் அண்ணன் ஒருவர், "எதுக்குப்பா வம்பு? கலையில அரசியலைக் கலக்காதீங்க" என்றார். அவ்வளவுதான், காட்சி போய்விட்டது. டீக்கடை ஜோக்குகள் மட்டும் மிஞ்சின. கைதட்டலும் கிடைத்தது. சரி என்று தலையாட்டியவர்களில் நானும் ஒருவன்!

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கலையும் அரசியலும் எப்போதாவது தனித்தனியாக இருந்திருக்கின்றனவா?

ஸ்ரீரங்கம் கோவிலுக்குப் போகாத திருச்சிக்காரர் உண்டா? அடுத்த முறை போகும்போது சேஷராயர் மண்டபத்துத் தூண்களுக்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். பின்னங்கால்களில் எழும்பி நிற்கும் குதிரை, அதன் மேல் ஆயுதத்தோடு வீரன், கீழே சீறும் புலி. சாமி கும்பிடுகிற இடத்தில் போர்க்களத்துக்கு என்ன வேலை? 1323இல் டில்லிப் படையெடுப்பின்போது ஊரை விட்டுக் கிளம்பிய பெருமாள், விஜயநகரத்துக் கோபண்ணரின் துணையோடு 1371இல்தான் திரும்பி வந்தார். அந்த விஜயநகரத்துக்குக் குதிரைப்படைதான் உயிர். அரபு நாட்டுக் குதிரைகளைப் போர்ச்சுகீசியரிடம் பணத்தைக் கொட்டி வாங்கினார்கள். அப்படிப்பட்ட 16ஆம் நூற்றாண்டில் எழுந்த மண்டபத்தில் குதிரை வராமல் வேறு எது வரும்? ஜெயித்தவனின் பெருமைதான் அங்கே கல்லாகி நிற்கிறது.

இன்னொரு குதிரையும் உண்டு. 1937 ஏப்ரல் 26இல் ஸ்பெயினின் குவெர்னிகா ஊர் மேல் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன. அந்த வருஷமே பிக்காசோ வரைந்த 'குவெர்னிகா' ஓவியத்தின் நடுவிலும் ஒரு குதிரை. இது வேட்டையாடவில்லை; வலி தாங்காமல் கதறுகிறது. இரண்டும் குதிரைதான், இரண்டும் யுத்தம் தந்ததுதான். ஒன்று ஜெயித்தவன் பக்கம், மற்றொன்று அடிபட்டவன் பக்கம். அதே 1937இல் ஹிட்லரின் ஆட்சி என்ன செய்தது தெரியுமா? தனக்குப் பிடிக்காத நவீன ஓவியங்களை 'சீரழிந்த கலை' என்று முத்திரை குத்தி, மியூனிக் நகரில் கண்காட்சி வைத்துக் கேலி செய்தது!

நம்ம ஊர் மேடைக்கு வருவோம். விஸ்வநாததாஸ் முருகன் வேஷத்தில் நின்றுகொண்டே வெள்ளைக்காரனுக்கு எதிராகப் பாடினார். பலமுறை சிறைக்குப் போனார். 1940இல் மேடையிலேயே உயிரை விட்டார். அடுத்து வந்தது திராவிட இயக்கம். திருவாரூர் தங்கராசு எழுதி எம்.ஆர்.ராதா நடித்த 'ரத்தக்கண்ணீர்' முதலில் மேடையேறியது நம்ம திருச்சியில்தான், 1949இல். தான் கைவிட்ட மனைவிக்குத் தன் நண்பனையே மணம் முடித்து வைக்கிறான் கதாநாயகன். அந்தக் காலத்தில் இதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

சர்க்கார் சும்மா இருக்குமா? வெள்ளைக்காரன் 1876இல் போட்ட நாடகச் சட்டத்தின் வழியிலேயே, சென்னை மாநிலத்தில் 1954இல் இன்னொரு நாடகச் சட்டம் வந்தது. ராதாவின் வாயைக் கட்டத்தான் வந்தது என்று பேசிக்கொண்டார்கள். அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்ல 2013 ஆகிவிட்டது.

அதற்காக, கொடி பிடித்தாலே கலையாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. பிரசங்கம் கேட்க யாரும் டிக்கெட் வாங்க மாட்டார்கள். பொன்மலை வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த என் தாத்தா சொல்வார்: "ராதா கொள்கை புடிக்காதவனும் லைன்ல நின்னு டிக்கெட் வாங்குவான்டா. அந்த நக்கலைக் கேக்கணுமே!" ஆள் பார்த்துப் பேசாத அந்த நடிப்புதான் கொள்கையைச் சுமந்தது. நாமும் வொர்க்‌ஷாப்பில் படிப்பது அதுதானே? டிராயிங் எவ்வளவு நல்லா இருந்தாலும், ஃபைலிங் சரியில்லையென்றால் ஜாப் ரிஜெக்ட்!

"கலையில் அரசியல் வேண்டாம்" என்று யாராவது சொன்னால், எந்த அரசியல் வேண்டாம் என்று திருப்பிக் கேளுங்கள். ராஜாவின் குதிரையை யாரும் ஆட்சேபிப்பதில்லை. அடிபட்டவன் வாயைத் திறந்தால்தான் 'வம்பு' வருகிறது. இரட்டைக் குவளையை எடுத்துவிட்ட பிறகு நம்ம நாடகத்தில் அரசியல் இல்லாமலா போனது? குவளை வைத்தவன் பக்கம் போய்விட்டது, அவ்வளவுதான்.

தோழர்களே! வருகிற ஆண்டு விழாவுக்கு அந்தக் காட்சியை மறுபடி எழுதப் போகிறேன். இந்த முறை இன்னும் நன்றாக எழுதுவேன். நடிக்க யார் வருகிறீர்கள்?