கணனிக்கும் கடன் உண்டு

கடன் வாங்காதே என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லாத வீடு நம்மிடையே இல்லை. ஆயினும், விதைநெல்லைக் கடனாகப் பெற்று, அறுவடை முடிந்ததும் அளந்து கொடுக்கும் கமக்காரனை நாம் குறை கூறுவதில்லை. பருவம் தவறாமல் விதைப்பதற்கே அவன் கடன்பட்டான். திருப்பிக் கொடுக்கும் நாளையும் அவன் அறிவான். கணனிக்கு மென்பொருள் எழுதுவோரிடமும் இத்தகையதொரு கடன் உண்டு.

1992-ம் ஆண்டில் வார்ட் கனிங்ஹாம் என்னும் அமெரிக்கர், முதலீட்டுக் கணக்குகளுக்கான மென்பொருளொன்றை ஆக்கிய அனுபவத்தை எழுதுகையில் இவ்வுவமையைக் கையாண்டார். விஷயம் முழுவதும் விளங்கும்வரை காத்திராமல், அன்றுள்ள அறிவைக் கொண்டு எழுதி வெளியிடுவது கடன். பின்னர் கற்றதைக் கொண்டு திருத்தி எழுதுவது கடன் தீர்த்தல். திருத்தாது விட்டால், அடுத்துச் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் கூடிய நேரத்தை விழுங்கும், அதுவே வட்டி. அலட்சியமாக எழுதுவதைத் தாம் ஒருபோதும் ஆதரித்ததில்லை என்று 2009-ல் அவரே விளக்கினார்.

தீர்க்க மறந்த கடனுக்கு ஓர் உதாரணம் காண்போம். 1960-களில் கணனியின் நினைவகம் மிகுந்த விலையுடையதாயிருந்தது. துளையட்டை ஒன்றிலோ 80 எழுத்துக்களுக்கே இடமிருந்தது. ஆகவே 1965 என்பதை 65 என்று சுருக்கினர். அன்றைக்கு அது அறிவுடைய செயலே. ஆனால், விரைவில் கைவிடப்படும் என்று கருதிய மென்பொருள்கள் பல, முப்பதாண்டுகளுக்குப் பின்னரும் வேலை செய்தன. 00 என்பது 1900-ஆ, 2000-ஆ என்னும் மயக்கத்தைத் தவிர்க்க, 1990-களின் பிற்பகுதியில் உலகெங்கும் பெரும்பொருள் செலவிட்டுத் திருத்த வேண்டியதாயிற்று. கடன்பட்டவர் ஒருவர், வட்டி கட்டியவர் வேறொருவர்!

இத்துறையை நாடும் மாணவர்கள் கருத்திற் கொள்ள வேண்டியது இதுதான். குறுக்குவழியிற் செல்லுமுன், அதனால் வரும் ஊதியம் என்ன, தீர்ப்பவர் யார், தீர்ப்பது எப்போது என்று வினவுங்கள். விடையை எழுதி வையுங்கள். நாள்தோறும் கைவைக்கும் பகுதியிலுள்ள கடனை முதலிலே தீர்த்துவிடுங்கள். அங்கேதான் வட்டி அதிகம். எவரும் தொடாத பகுதியிலுள்ளது சிறிது பொறுக்கும். பிறர் உயிரும் பணமும் தங்கியிருக்கும் இடத்திலோ கடன் வேண்டாம்.

கடன்படுவதில் இழிவில்லை. கணக்கில் எழுதாத கடனே குடியைக் கெடுக்கும்.