கம்பெனி லீஸா? கட்டுறது நீங்கதான்!

"கம்பெனிதானே சார் கட்டுது, உங்களுக்கென்ன?" புனே ஷோரூம்காரர் ஹிந்தியில் சொல்லிச் சிரித்தார். நானும் "அச்சா, அச்சா" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் கொட்டேஷனைப் பார்த்த தங்கமணிதான் கேட்டார்: "இதெல்லாம் என்னங்க?"

ஹேண்ட்லிங் சார்ஜ் 9,000. டெஃப்லான் கோட்டிங் 8,000. சீட் கவர், மேட் வகையறா 23,000. ஆக 40,000!

மக்களே, வண்டி லீஸ் கம்பெனி பேரில் இருக்கலாம். வாடகை போறது நம்ம சம்பளத்திலிருந்து. 40,000 ரூபாயை 10 சதவீத வட்டியில் 48 மாசத்துக்குப் போட்டுப் பாருங்க. மாசம் சுமார் 1,014, மொத்தம் 48,700 பக்கம் வரும். அதுக்கு மேல ஜி.எஸ்.டி. வேற. நாலு வருஷம் கழிச்சு அந்தக் கிழிஞ்ச சீட் கவருக்கு எவன் மதிப்புப் போடுவான்?

"வரி மிச்சமாகுதே" என்பார்கள். 30 ரூபாய் வரியை மிச்சம் பிடிக்க 100 ரூபாயை வெட்டியாகச் செலவழிப்பது எந்த ஊர் சிக்கனம்?

சாலை வரிக்கு அரசு ரசீது உண்டு. ஹேண்ட்லிங் சார்ஜுக்குக் கிடையாது. டீலர் தன் குடோனிலிருந்து தன் ஷோரூமுக்கு வண்டியைக் கொண்டுவர நான் ஏன் கூலி தரணும்?

மறுநாள் போய் என் ஓட்டை ஹிந்தியிலேயே கேட்டேன். முதல் இரண்டும் பறந்தன. மேட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையும் அடித்தேன்.

பாஷை வரலையேன்னு கூச்சப்படாதீங்க. கொட்டேஷன் லீஸ் கம்பெனிக்குப் போறதுக்கு முன்னாடி பேனாவை எடுங்க. வேண்டாததை அடிக்க ஹிந்தி தேவையில்லை!