மீன் குட்டைக்கு விடியற்காலையில் போங்கள்

பண்ணைக்குட்டை வெட்டி கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கும் உழவர்கள் இப்போது நிறையப் பேர். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப்பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 60 சதவீதமும் மானியம் உண்டு. ஆனாலும், எட்டு மாதம் வளர்த்த மீன் ஒரே இரவில் செத்து மிதக்கும் துயரமும் நடக்கிறது. நோய் தாக்கிவிட்டது, யாரோ மருந்தைக் கலந்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பும். பல நேரங்களில் உண்மையான காரணம், தண்ணீரில் பிராணவாயு தீர்ந்துபோனதுதான்.

பயிர் வாடினால் இலை காட்டிக்கொடுக்கும்; மறுநாள் தண்ணீர் பாய்ச்சினாலும் தெளிந்துவிடும். மீனுக்கு அந்த அவகாசம் இல்லை. பகலில் நீரில் மிதக்கும் நுண்பாசிகள் வெயிலின் துணையால் பிராணவாயுவை உண்டாக்குகின்றன. இரவில் அந்தப் பாசி, மீன், அடிச்சேறு மூன்றுமே அதைச் செலவழிக்கின்றன. அதனால் சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்புதான் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நல்லது. 3-க்குக் கீழே போனால் மீன் திணறும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகமூட்டம் தொடர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

ஆகவே தினமும் விடியுமுன் குட்டைக்கரையில் நில்லுங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினால், அன்று தீவனமும் சாணமும் போடாதீர்கள். உடனே காற்றூட்டும் கருவியை இயக்குங்கள். அது இல்லையென்றால், மோட்டார் வைத்துக் குட்டைத் தண்ணீரையே எடுத்து, உயரத்திலிருந்து திரும்பக் குட்டைக்குள் தெளியுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் பிராணவாயு குறைவு. அதையும் உயரத்திலிருந்து விழும்படியே விட வேண்டும்.

வெயில் ஏறியதும் நீரின் நிறத்தைப் பாருங்கள். கையை நீட்டி முழங்கை வரை தண்ணீரில் இறக்குங்கள். உள்ளங்கை அந்த ஆழத்தில் மறைந்தால் சரி. மணிக்கட்டு அளவிலேயே மறைந்தால் பாசி மிகுந்துவிட்டது, உரமிடுவதை நிறுத்துங்கள். முழங்கை தாண்டியும் தெளிவாகத் தெரிந்தால் மீனுக்கு இயற்கை உணவு போதவில்லை. சாணம் கரைத்து ஊற்றலாம். சேற்றால் கலங்கிய நீருக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

தீவனம்தான் பெரிய செலவு. தவிடும் கடலைப் புண்ணாக்கும் கலந்து, துளையிட்ட பைகளில் கட்டி, ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் தொங்கவிடுங்கள். 25 சென்ட் குட்டையில் 1,000 மீன்கள், ஒவ்வொன்றும் 250 கிராம் என்றால் மொத்த எடை 250 கிலோ. அதில் 2 சதவீதம் என்று வைத்தால் நாளொன்றுக்கு 5 கிலோ. மாலையில் பையில் மிச்சமிருந்தால் மறுநாள் குறையுங்கள். தின்னாத தீவனம் அடியில் அழுகி, மீனுக்கு உரிய பிராணவாயுவைத்தான் உறிஞ்சும். எடை தெரியாமல் இந்தக் கணக்குப் போட முடியாது. மாதம் ஒருமுறை வீச்சுவலை போட்டு 20, 30 மீன்களை நிறுத்துப் பாருங்கள்.

கரையைச் சுற்றி வரும்போது நண்டு வளை, எலி வளை, மதகுச் சல்லடை ஆகியவற்றையும் கவனியுங்கள். சல்லடை கிழிந்தால் விரால் குஞ்சு உள்ளே வரும். மழை வெள்ளத்தில் உங்கள் மீன் வெளியே போகும். மீன்கள் கம்பில் உடலை உரசினால் பேன் பற்றியிருக்கலாம். செத்த மீனை எடுத்துப் புதைத்துவிட்டு, மீன்வளத் துறையினரைக் கேட்ட பிறகே மருந்து இடுங்கள்.

தேதி, தீவன அளவு, நீரின் நிறம், செத்த மீன் எண்ணிக்கை ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். இதற்கெல்லாம் அரை மணி நேரம் போதும்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காலை 11 மணிக்குப் போய்ப் பார்த்தால் எந்தக் குட்டையும் நன்றாகத்தான் தெரியும். மாதத்தில் ஒரு நாளாவது விடியற்காலையில் போங்கள். உழவரின் நோட்டை வாங்கிப் படியுங்கள். மானியத்தில் வெட்டிய குட்டை மீனோடு நிலைக்க, அந்த ஒரு வருகை பெரிதும் உதவும்.