அருவருப்பு என்னும் சொல்

அண்மையில் ஒரு கலியாண வீட்டில், நன்கு படித்த பெரியவர் ஒருவர், “இன்னாரோடு ஒரே பந்தியில் உட்கார எனக்கு அருவருப்பாயிருக்கிறது” என்றார். அந்த இன்னாரோ குளித்து முழுகி, வெள்ளை வேட்டி உடுத்து வந்திருந்தவர். அவரிடம் பெரியவர் கண்ட குற்றம் ஜாதி ஒன்றே. அச்சொல்லை அவ்விடத்தில் வழங்க அவருக்கு உரிமை உண்டா என்பதே நமது கேள்வி.

அருவருப்பு உடலைக் காக்கும் உணர்ச்சி. அழுகிய மீனையும் சீழையும் கண்டால் முகம் சுளிக்கிறது; வயிறு குமட்டுகிறது. பிற மொழிகளும் இதற்குச் சாட்சி பகரும். ஆங்கிலத்தார் கூறும் ‘டிஸ்கஸ்ட்’ என்னும் சொல், சுவையைக் குறிக்கும் ‘குஸ்டுஸ்’ என்னும் இலத்தீன் சொல்வழி வந்தது. வடமொழியார் கூறும் ‘ஜுகுப்ஸை’யின் வேரோ, காத்தல் என்னும் பொருளுடைய ‘குப்’ என்பதாகும். நாவையும் வயிற்றையும் காக்க நின்ற இக்காவற்காரனை மனிதன்மேல் ஏவியவர் யார்?

“தமிழ் மரபு” என்பீரோ? தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் இளிவரலையும் ஒன்றாக வைத்தார். அருவருப்புக்கு அணித்தான அவ்வுணர்ச்சி, மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கினால் தோன்றும் என வரையறுத்தார். அந்நான்கில் பிறப்பு எங்கே?

“இயற்கை” என்பீரோ? இயற்கையாயின் கைக்குழந்தைக்கும் இருக்க வேண்டுமே! குழந்தை எவர் மடிக்கும் தாவுகிறது. சாப்பாட்டுக் கடையில் சமைத்தவர் ஜாதி தெரியாதவரை நமக்கும் குமட்டுவதில்லை. கேட்டறிந்த பின்னரே குமட்டுகிறது. செவி வழியாக வரும் குமட்டலை எந்த வைத்திய நூல் கூறும்?

தோட்டத்துச் சகோதரர்களே! ஒட்டுப்பால் நாற்றம் நம்மவர் சட்டையில் ஏறியிருக்க, பட்டணத்துப் பஸ்ஸில் பக்கத்திலிருப்பவர் மூக்கைப் பொத்தினால் நமக்கு எவ்வளவு ரோஷம் வருகிறது! அந்நாற்றமாவது உண்மை, சவுக்காரம் போட்டால் போகும். நம்மிற் சிலர் பிறர்மேல் ஏற்றும் நாற்றம் முழுப்பொய். ஆதலால் எவ்வளவு குளித்தாலும் அவர்கள் கணக்கில் அது போவதில்லை.

இனி ஒரு பந்தியில் எவரேனும் “அருவருப்பு” என்றால் சண்டையிட வேண்டாம். “ஐயா, சோறு ஊசிப்போயிற்றோ?” என்று உரக்கக் கேளுங்கள். “இல்லை” என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். பிறகு, அவர் அருவருத்தவருக்கு அவர் பக்கத்திலேயே இலை போடுங்கள்.