ஸ்ரீகாந்துக்கும் ஓர் இடம் வேண்டும்

ஐசிசியின் புகழ் அரங்கில் 2023இல் சேவாக்கும் 2025இல் தோனியும் சேர்க்கப்பட்டார்கள். கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்துக்கு அந்த இடம் இன்னும் கிடைக்கவில்லை. 43 டெஸ்ட்களில் 2,062 ரன்கள், 146 ஒருநாள் ஆட்டங்களில் 4,091 ரன்கள். இரண்டிலும் சராசரி 30ஐத் தொடவில்லை என்பது எதிர்வாதம். அதில் நியாயம் உண்டு.

ஆனால், 1983 உலகக் கோப்பையின் லார்ட்ஸ் இறுதி ஆட்டத்தில் ராபர்ட்ஸ், மார்ஷல், கார்னர், ஹோல்டிங் வேகத்தை எதிர்த்து அவர் எடுத்த 38தான் இரு அணிகளிலும் அதிகபட்சம். புதுப்பந்தைத் தடுத்தாடுவதே தொடக்க ஆட்டக்காரரின் கடமை என்றிருந்த காலத்தில், துணிந்து அடித்தவர் அவர். இன்று வடலூர்த் திடலில் முதல் பந்தையே தூக்கி அடிக்கும் சிறுவனும் அவர் வழி வந்தவனே.

சராசரி மட்டும் அளவுகோலாகக் கூடாது. ஆட்டத்தின் போக்கை மாற்றியவருக்கு உரிய மரியாதையை ஐசிசி இனியும் தள்ளிப்போடக் கூடாது.